மூன்று சுரங்களும் ஒரு மணியும்: ஆர்வோ பேர்ட் பற்றிய கேள்வி பதில்

போன போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பதினைந்து பேர் இருந்து ஆர்வோ பேர்ட்டின் இசையைக் கேட்டோம். எஸ்தோனியாவின் இசையமைப்பாளர், 1935இல் பிறந்தவர். பலரும் கேள்விகளை எழுதித் தந்துவிட்டுப் போனீர்கள். அன்று நேரம் போதவில்லை. பியானோ கற்பிக்கும் எனக்கு அவருடைய இசைத்தாள்களோடு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம் இருக்கிறது. அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

தெஹிவளைத் தம்பி ஒருவர்: எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்றே வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. அங்கே இவர் எப்படி வளர்ந்தார்?

பைடே என்ற ஊரில் பிறந்து ரக்வெரே என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவர். வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதன் நடுப்பகுதிக் கட்டைகள் பழுதாகியிருந்ததால் பையன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் வைத்தே விளையாடினான். ரக்வெரே சதுக்கத்தின் ஒலிபெருக்கியில் வானொலி இசை போகும். அதைக் கேட்பதற்காகச் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவானாம். சைக்கிளோடு நிற்கும் ஒரு பையனின் சிலை இன்று அந்தச் சதுக்கத்தில் இருக்கிறது. பிறகு தாலின் நகரில் ஹெய்னோ எல்லரிடம் படித்தார். எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளராக வேலையும் செய்தார்.

பம்பலப்பிட்டியிலிருந்து, கர்நாடக வயலின் படிக்கும் தங்கச்சி: டீச்சர், இது தம்புரா சுருதி மாதிரியே கேட்கிறது. அதுதானா?

நல்ல காது உங்களுக்கு. ஆனால் அது இல்லை. தம்புரா அசையாது, ச-ப-ச என்று அங்கேயே நிற்கும். பேர்ட்டின் முறையில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று சுரவரிசையில் படிப்படியாக ஏறி இறங்கும். மற்றதற்கு ச, க, ப என்ற மூன்று சுரங்கள் மட்டும்தான். முதற்குரல் எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே அல்லது மேலே இருக்கிற ச, க, ப ஒன்றை அது எடுத்துக்கொள்ளும். கீழேயா, மேலேயா, எத்தனையாவது என்ற விதியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எழுதுவார்.

வீட்டில் செய்து பாருங்கள். நீங்கள் ப ம க ரி ச என்று மெதுவாகப் பாடுங்கள், தோழி க க ச ச ப என்று உங்களோடு சேர்ந்து பாடட்டும் (கடைசி ப மந்த்ரம், அதாவது கீழ் ஸ்தாயி). மவிலும் ரியிலும் இரண்டு குரலும் லேசாக உரசும், மற்ற இடங்களில் இணங்கும். அந்த உரசலும் இணக்கமும் மாறி மாறி வருவதுதான் அவருடைய ஒலி. இதற்கு அவர் வைத்த பெயர் டின்டினாபுலி, லத்தீனில் சிறுமணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவருடைய மனைவி நோரா இதை ‘ஒன்றும் ஒன்றும் ஒன்று’ என்று விளக்கினார். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது.

கமகம் இல்லை, சஞ்சாரமும் இல்லை. அதனால் இதை ராகம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதே தங்கச்சி: ‘கான்டஸ்’ முடிந்த பிறகும் ஏதோ ஒலித்ததே, அது என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தார். அவர் நினைவாக 1977இல் எழுதியது இது. நரம்பு வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும்தான். நம் கணக்கில் நடபைரவி ராகத்தின் அவரோகணம் போன்ற ஒரு வரிசை. முதல் வயலின்கள் அதை வாசிக்கும்போது இரண்டாம் வயலின்கள் பாதி வேகத்தில் வாசிக்கும், வயோலா அதிலும் பாதி, செலோ அதிலும் பாதி, டபுள்பாஸ் அதிலும் பாதி. மேலே வயலின் பதினாறு அடி போகும் நேரத்தில் கீழே டபுள்பாஸ் ஓர் அடிதான் போகும். எல்லாரும் இறங்கிக்கொண்டே வந்து, ஒவ்வொருவராகத் தங்கள் கடைசிச் சுரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பெரிய நிலைப்புக்குள் மணி மிக மெல்ல ஒரு தடவை அடிக்கப்படும். யாருக்கும் கேட்காது. வில்கள் ஒன்றாக நின்றதும் மணியின் மிச்ச ஒலி மட்டும் வெளியே வரும். தம்புராவின் மந்த்ரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் கேட்கும் அல்லவா? இங்கேயும் அதேதான். அதுவரை முழுக்கச் சாதாரண காந்தாரம் என்ற தாழ்ந்த காந்தாரத்தில் அழுத இசை, கடைசியில் யாரும் வாசிக்காத, அதைவிட உயர்ந்த அந்தர காந்தாரத்தில் முடிகிறது. முதன்முதலில் அது பிடிபட்ட இரவு நான் எழுந்து போய் மறுபடியும் போட்டுக் கேட்டேன். இந்தக் காலத்து இசையில் இதற்கு நிகரான முடிவை நான் கேட்டதில்லை.

மருதானை ஐயா ஒருவர்: எட்டு வருடம் எழுதாமல் இருந்தார் என்றீர்கள். ஏன்?

முற்றாக எழுதாமல் இருக்கவில்லை ஐயா, 1971இல் மூன்றாம் சிம்பொனி வந்தது. ஆனால் தேடிக்கொண்டிருந்தார். எஸ்தோனியா அப்போது சோவியத் ஆட்சியில் இருந்தது. அதற்கு முன் 1960இல் ‘நெக்ரோலோக்’ என்று, பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைக்கும் பன்னிரு சுர முறையில் எழுதி சோவியத் அதிகாரிகளிடம் கண்டனம் வாங்கியிருந்தார். 1968இல் ‘கிரெடோ’. அதில் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் சி மேஜர் முகப்பிசையைக் கூச்சல் விழுங்கி, பிறகு அதே முகப்பிசை திரும்ப வரும். கிறிஸ்துவில் விசுவாசம் கொள்கிறேன் என்ற லத்தீன் வார்த்தைகளை மேடையில் பாட வைத்ததுதான் அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. அதோடு அந்த ஆக்கம் முடக்கப்பட்டது.

அப்புறம் கிரகோரியன் பாடல்கள் என்ற பழைய தேவாலயப் பாடல்களைப் படித்தார், ஒற்றைக் குரல் வரிகளாகக் குறிப்பேடு குறிப்பேடாக எழுதினார். 1972இல் ஓர்த்தடொக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். தெரு கூட்டும் ஒருவரிடம், ஓர் இசையமைப்பாளர் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒவ்வோர் ஒலியையும் நேசிக்க வேண்டும் என்று பதில் வந்ததாம். அப்படி ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை. 1976இல் வந்த ‘ஃபூர் அலினா’வைக் கேட்டால் அந்தப் பதில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

மகள் லண்டன் பரீட்சைக்குப் பியானோ படிக்கிறாள், ஒரு தந்தை: ‘ஃபூர் அலினா’ இரண்டே பக்கம், சின்னப் பிள்ளைகூட வாசிக்கும் போலிருக்கிறது. இதில் என்ன பெரிய விஷயம்?

விரல்களுக்கு லேசானதுதான், மறுக்கவில்லை. தொடக்கத்தில் அடியில் ஒரு சுரத்தை அழுத்திப் பெடலைப் பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுரம் கூடும், உச்சம் போய் ஒவ்வொன்றாகக் குறையும். தாளக்கட்டு இல்லை. ஒரு சுரம் எப்போது தேய்கிறது, அடுத்ததை எப்போது வைப்பது என்று காதுதான் சொல்ல வேண்டும். ஒரே ஓர் இடத்தில் இடக்கை அந்த மூன்று சுர விதியை மீறும். இசைத்தாளில் அங்கே ஒரு சின்னப் பூ வரைந்திருக்கும்!

மகளுக்குக் கொடுங்கள், ஆனால் பரீட்சைக்காக வேண்டாம். கீபோர்டில் வேண்டவே வேண்டாம், நிஜத் தந்தியின் தேய்வு அதில் வராது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

கொள்ளுப்பிட்டி: படத்தில் கேட்ட மாதிரி இருந்தது ஒன்று.

1978இல் எழுதிய ‘ஷ்பீகல் இம் ஷ்பீகல்’ ஆக இருக்கும். வயலினும் பியானோவும். நிறையப் படங்களில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படத்தை மறந்துவிட்டு முழுதாக ஒரு தடவை கேளுங்கள்.

வெள்ளவத்தை அக்கா, பிள்ளைகள் டொரொன்டோவில்: இவரும் நாட்டை விட்டுப் போனவராமே. திரும்பினாரா?

போனார் அக்கா. 1980 ஜனவரியில் மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகளோடு ரயிலில் போனார். எல்லையில் பெட்டிகளைத் திறந்தால் இசைத்தாள்களும் ஒலிநாடாக்களும்தான். காவலர்கள் போட்டுக் காட்டச் சொல்லி, அந்த நிலையத்திலேயே இசையைக் கேட்டார்களாம். முதலில் வியன்னா, பிறகு பெர்லின். 1984இல் மான்ஃபிரெட் ஐஹர் வெளியிட்ட ‘டபுலா ராசா’ இசைத்தட்டில்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. 2010 அளவில் எஸ்தோனியாவுக்கே திரும்பிவிட்டார். 2018இல் லௌலஸ்மா என்ற இடத்தில், பைன் காட்டுக்குள், அவருடைய கையெழுத்துப் பிரதிகளுக்கென்று ஒரு நிலையம் திறந்தார்கள். பெட்டியில் போனவை வீடு வந்து சேர்ந்துவிட்டன.

கொட்டாஞ்சேனை, தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து: நாங்கள் பாடக்கூடிய ஏதாவது உண்டா?

‘தா பாசெம் தோமினே’ என்ற லத்தீன் மன்றாட்டு. ஆண்டவரே, எங்கள் நாட்களில் சமாதானம் தாரும் என்று பொருள். 2004 மார்ச்சில் மட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து இரண்டு நாளில் எழுதத் தொடங்கினார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடையை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான்கு குரல், சுரங்கள் மிகக் குறைவு, வேகமே இல்லை. சுருதியும் மூச்சும்தான் கஷ்டம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக ‘ஊ’ என்று மட்டும் பாடி ஒரு மாதம் பழகுங்கள், வார்த்தைகளைப் பிறகு சேர்க்கலாம். பாஸ் குரல், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், குறைவு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் போதும், ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வகுப்பு இல்லை, கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து சுருதி பார்த்துத் தருகிறேன்.