இலவு காத்த கிளியும் அரேனல் மலையும்

கேள்வி: கோஸ்டா ரிகாவில் அரேனல் எரிமலையைப் பார்க்க மூன்று நாள் தங்கினேன். மேகம் விலகவே இல்லை. அடிச்சரிவில் நடந்துவிட்டுத் திரும்பினேன். இலவு காத்த கிளியாகிவிட்டேன். செலவழித்த காசு வீண்தானே?

பதில்: இலவு என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், விடமாட்டேன். நீங்கள் போன பூங்காவில் 'எல் செய்போ' என்று ஒரு நடைபாதை உண்டு. அதற்குப் பெயர் தந்த பெரிய மரம் நம் ஊர் இலவம்பஞ்சு மரமேதான். அதன் தாய்மண் அந்தப் பக்கம். சங்கப் பாட்டில் சிவப்பாகப் பூக்கும் இலவம் அதற்கு உறவு.

கிளி ஏன் ஏமாந்தது? பழம் வேண்டுமென்று காத்ததால். பஞ்சுக்காகக் காத்தவர் யாரும் ஏமாந்ததில்லை. காய் வெடித்ததும் என் அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மிளகு போன்ற விதைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார். யாராவது கதவைத் திறந்தால் கத்துவார்; பஞ்சு வீடெல்லாம் பறக்கும். அந்தத் தலையணையை வருஷத்துக்கொரு முறை வெயிலில் போட்டால் புதிதுபோல உப்பிக்கொள்ளும். நுரைத் தலையணைக்காரர்களோடு இந்தப் பக்கத்தில் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். சித்திரை மாத ராத்திரி ஒன்று போதும், யார் சொல்வது சரி என்று கழுத்து வியர்வையே சொல்லிவிடும்.

சரி, மலைக்கு வருகிறேன். கரீபியன் கடலின் ஈரக்காற்று 1,600 மீட்டருக்கு மேல் நிற்கும் அந்தக் கூம்பில் மோதி, மேலேறி, குளிர்ந்து மேகமாகிறது. உச்சியில் ஏற யாருக்கும் அனுமதியும் இல்லை. ஆனால் அந்த மலை செய்ததெல்லாம் கீழேதான் கிடக்கிறது. பல நூற்றாண்டுகள் சும்மா இருந்துவிட்டு, 1968 ஜூலை 29 காலையில் வெடித்தது. தபகோன், புவெப்லோ நுவேவோ என்ற ஊர்கள் போயின. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். பலர் அடிவாரத்தில் மாடும் வயலுமாக இருந்தவர்கள். அப்புறம் 2010 வரை மலை அடங்கவில்லை. 1992-இல் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைக் குவியல்மேல் இன்று ஒரு பாதை ஏறுகிறது. கை வைத்தால் கீறும் கல். அதன் இடுக்கில் பாசியும் செடியும் பிடித்திருக்கின்றன. அதன்மேல் நடந்த நீங்கள் வீண் என்று சொல்லலாமா? எனக்குக் கோபமே வருகிறது.

அந்தச் செய்போ மரத்தடியில் நின்றீர்களா? வேர்கள் பலகை பலகையாகச் சுவர்போல எழுந்து நிற்கும். பார்த்திருந்தால் அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள்.