ரெலிகிராம் பொட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்றில் செய்திகளை உடனுக்குடன் எடுக்க வெப்ஹூக் கட்டாயமா?

கட்டாயம் இல்லை தம்பி. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருந்துதான் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனிச் சேர்வர் இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். வெப்ஹூக் என்றால் செய்தி வந்ததும் ரெலிகிராமே நம் முகவரிக்குத் தள்ளிவிடுவது; அதற்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய எச்ரிரிபிஎஸ் முகவரி வேண்டும். கெற்அப்டேற்ஸ் என்ற கட்டளைக்கு அது வேண்டாம், புதுச் செய்தி உண்டா என்று நாங்களே போய்க் கேட்கிறோம்.

அப்படிக் கேட்டால் செய்தி பிந்தும் என்பவர்கள் ரைம்அவுட்டை, அதாவது பதிலுக்காகக் காத்திருக்கும் செக்கன் கணக்கை, தொட்டுப் பார்க்காதவர்கள். சும்மா விட்டால் அது 0, புதுச் செய்தி இல்லாவிட்டால் கேட்டவுடன் வெறுங்கையோடு திரும்பும். 50 கொடுங்கள்: 50 செக்கன் வரை செய்திக்காக இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்ததும் தரும்.

எங்கள் மாமா வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்பவர். விடியப்புறம் குறூப்பில் "சூரை 120, பாரை 35" என்று விழும். கல்லடி வீட்டில் பழைய லப்டொப்பில் ஓடும் என் பொட் அதைப் பிரித்து, அவர் ஐஸ் போட்டுப் பெட்டியை மூடுவதற்குள் கணக்கில் ஏற்றிவிடும். கரண்ட் போன நாட்களிலும் ஒரு வரி தவறியதில்லை. நாம் எடுக்காத அப்டேற்றுகளை, அதாவது பொட்டுக்கு வந்த செய்திகளை, ரெலிகிராம் 24 மணித்தியாலம் வைத்திருக்கும். கடைசி அப்டேற் இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டி ஒஃப்செற்றாக, அதாவது இனி எந்த இலக்கத்திலிருந்து வேண்டும் என்று, அனுப்பினால்தான் பழையவை நீங்கும். ஆகவே முதலில் தரவுத்தளத்தில் எழுதுங்கள், பிறகு கூட்டுங்கள். நடுவில் நின்றுபோனால் அதே அப்டேற் திரும்ப வரும். இலக்கத்தைப் பார்த்துத் தள்ளிவிடலாம்.

வங்கிக்கும் இதுவே போதும் என்று நான் சொல்லவில்லை. எந்நேரமும் இயங்கும் சேர்வரும் நிறையப் பாவனையாளர்களும் இருந்தால் வெப்ஹூக் வையுங்கள், அதற்காக இங்கே சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் கொழும்பில் ஒரு நேர்முகத்தில் இதைக் காட்டியபோது, "வெப்ஹூக் இல்லையா, பள்ளிக்கூட வேலை மாதிரி இருக்கே" என்றார்கள். ஒஃப்செற்றைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அடுத்துக் கேட்டது, மட்டக்களப்பை விட்டு வரலாமா என்று. இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை இது! வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த எத்தனை பிள்ளைகள் இதற்காகவே கொழும்பில் அறை வாடகை கட்டிச் சம்பளத்தைக் கரைக்கிறார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். முன்பு வெப்ஹூக் போட்டுப் பார்த்திருந்தால் டிலீற்வெப்ஹூக் கட்டளை கொடுத்து அதை நீக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டும் மோதுகின்றன என்ற 409 பிழைதான் வரும். குறூப் என்றால் பொட்களை உருவாக்கும் பொட்ஃபாதரில், குறூப்பின் எல்லாச் செய்தியையும் பொட் பார்க்கவிடாத பிரைவசி மோடை நிறுத்திவிட்டு, பொட்டை வெளியே எடுத்துத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். இணைப்பை எடுக்கும் உங்கள் எச்ரிரிபி நிரல் நூலகத்தின் ரைம்அவுட் 50ஐ விடக் கூடவாக இருக்கட்டும். ரவுட்டர் இடையில் அறுத்தால் 25க்குக் குறைத்துப் பாருங்கள்.