பஞ்சுத் தூசியும் நெஞ்சு இறுக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் (பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும்) பிரிவில் வேலை. வார லீவு முடிந்து போகும் முதல் நாள் மட்டும் மதியத்துக்கு மேல் நெஞ்சைப் பிடிக்கிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. சளி என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முதல் நாள் பிடித்து மறுநாள் தணிவது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸின் ஆரம்ப அடையாளம். வேலையிடத்து ஆஸ்துமா பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, வாரம் போகப் போகக் கூடும். இப்போதே தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறும். அப்படியே விட்டால் இறுக்கம் இரண்டாம், மூன்றாம் நாளுக்கும் நீளும். கடைசியில் லீவு நாளிலும் மூச்சு வாங்கும். அந்தக் கட்டத்தில் போன மூச்சுத்திறன் திரும்பாது. தேதி, லீவுக்குப் பின் எத்தனையாவது நாள், இறுக்கம் தொடங்கிய மணி, நீங்கள் நின்று வேலை பார்த்த மெஷின் என்று நான்கையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்களே?

பதில்: இருக்காது. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இருப்பது போல இதற்குப் படத்தில் தனி அடையாளம் கிடையாது. செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி மூச்சுத்திறனை அளக்கும் பரிசோதனை), அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை. குறைந்தது 35 மணி நேரம் தூசி படாமல் இருந்துவிட்டு, முதல் வேலை நாளில் ஷிப்டுக்கு முன் ஒரு முறை. வேலை தொடங்கி 4 முதல் 10 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை. முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவைத்தான் ஒப்பிட வேண்டும். காலையில் 3.2 லிட்டர், மாலையில் 3.0 லிட்டர் என்றால் 200 மில்லி குறைவு. அமெரிக்க விதிப்படி 200 மில்லி அல்லது 5 சதவீதம் குறைந்தாலே ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

முடிவு கெடுவது பெரும்பாலும் ஊதும் விதத்தில்தான்: உதட்டோரம் காற்று கசியும், ஊதத் தொடங்கும்போது வேகம் இருக்காது, பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நன்றாக ஊதிய மூன்று ஊதல்களாவது வேண்டும். இன்ஹேலர் இழுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். அது குறைவை மறைத்துவிடும்.

கேள்வி: வாயில் துண்டு கட்டினால் போதாதா?

பதில்: போதாது. பறக்கும் இழையைத் துண்டு தடுக்கும். நுரையீரலுக்குள் இறங்கும் நுண்தூசியைத் தடுக்காது. நுண்தூசியை வடிகட்டும் என்-95 மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும்; தாடி இருந்தால் படியாது. ஆனால் மாஸ்க்கை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. மெஷினை மூடி, உறிஞ்சு குழாயை அடைப்பில்லாமல் வைப்பதுதான் முதல் வேலை. ஏர் பைப்பால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்வது, படிந்த தூசியை மறுபடி மூச்சுக்குள் அனுப்புவதுதான். வாக்குவம் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வீவிங் (நெசவு) பிரிவுக்கு மாறினால் குறையுமா?

பதில்: குறையும். பேல் (பஞ்சுப் பொதி) பிரிப்பு, பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் மூன்றும்தான் மோசம். பஞ்சோடு வரும் இலைத்துகளில் பாக்டீரியா இருக்கும். அதன் நச்சான எண்டோடாக்சின் மூச்சுக்குழலை வீங்கிச் சுருங்க வைக்கிறது. வீவிங் வருவதற்குள் இலைத்துகள் பெரும்பாலும் நீங்கிவிடும். அதனால்தான் அமெரிக்கா 1978இல் நூற்புக்குக் கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் தூசி, நெசவுக்கு 750 என்று வரம்பு வைத்தது. மாறிய பிறகும் நோட்டை எழுதிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பீடி பிடிப்பவர்?

பதில்: இன்றே நிறுத்த வேண்டும். தூசியும் புகையும் சேர்ந்தால் மூச்சுத்திறன் இன்னும் வேகமாகப் போகும்.