கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் நிரல் ஏன் இரண்டாக எடுத்துக்கொள்கிறது?

லினக்ஸில் உங்கள் பைத்தான் நிரலுக்கு ‘மே கணக்கு’ என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால், ‘மே’ என்ற கோப்பே இல்லை என்கிறது, அதுதானே கேள்வி? தப்பு நிரலில் இல்லை. நீங்கள் தட்டும் வரியை முதலில் படிப்பது ஷெல், அதாவது கட்டளையை வாங்கி நிரல்களை ஓடவைக்கும் இடைநிரல். இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டி, துண்டுகளைத்தான் நிரலிடம் கொடுக்கும். பைத்தானில் அவை சிஸ்.ஆர்க்வி (sys.argv) என்ற பட்டியலில் வந்து உட்காரும்: 0-ஆம் இடத்தில் நிரலின் பெயர், 1-இல் ‘மே’, 2-இல் ‘கணக்கு’. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒரே துண்டாக வரும். அந்தக் குறிகளை ஷெல்லே உரித்துவிடும், நிரல் அவற்றைப் பார்ப்பதே இல்லை. நட்சத்திரக் குறியையும் (*) ஷெல்லே கவனித்துக்கொள்ளும். பொருந்தும் கோப்புகள் இருந்தால், அவற்றின் பெயர்களாக விரிந்த பிறகே உள்ளே வரும்.

அப்புறம் இன்னொன்று. வருவதெல்லாம் எழுத்துச் சரங்கள். 2, 3 என்று கொடுத்துக் கூட்டினால் 5 வராது, 23 வரும்! இன்ட் (int) என்ற செயற்கூற்றைப் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

நிரலின் போக்கை மாற்ற, முன்னால் ‘-’ கோடு போட்டுத் தரும் விருப்பங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் போனால், பட்டியலைக் கையால் துழாவாதீர்கள். பைத்தானுடனேயே வரும் ஆர்க்பார்ஸ் (argparse) என்ற நிரல்தொகுதி போதும், அதுவே துண்டுகளைப் பிரித்துப் படித்துக்கொள்ளும். எண் வேண்டிய இடத்தில் ‘அஞ்சு’ என்று யாராவது தட்டினால், பிழையைச் சொல்லி அதுவே நிறுத்திவிடும். உதவிக் குறிப்பும் இலவசம். ஒரு இடத்தில் மட்டும் அது முரண்டு பிடிக்கும்: கோப்பின் பெயரே ‘-பழையது’ என்று கோட்டில் தொடங்கினால், விருப்பம் என்று நினைத்துக்கொள்ளும். பெயருக்கு முன்னால் தனியாக ‘--’ போடுங்கள், சரியாகிவிடும்.