ப்ராக்ஸி வழியாகச் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா?

கேள்வி: அலுவலகத்தில் எல்லாரும் ஸ்க்விட் ப்ராக்ஸி (எங்கள் வேண்டுகோள்களை வாங்கி வெளியே அனுப்பும் இடைநிலை சர்வர்) வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறோம். இரண்டு மூன்று தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகின்றன. என் கணினியிலிருந்து பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் பதில் வருகிறது. ப்ராக்ஸியை எடுத்துவிட்டால் உடனே திறக்கின்றன. கோளாறு எங்கே?

பதில்: பிங்கை நம்ப வேண்டாம். அது ப்ராக்ஸியைத் தொடாமல் உங்கள் கணினியிலிருந்து நேராக வெளியே போகிறது. பிரவுசர் போகும் வழி வேறு. அங்கே தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடுவதும், இணைப்பை ஏற்படுத்துவதும் ப்ராக்ஸி சர்வர்தான். மற்ற தளங்கள் திறப்பதால் உங்களுக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே சிக்கல் இல்லை. ஆகவே கேஷை அழிப்பதிலும் பிரவுசரை மாற்றுவதிலும் நேரத்தை வீணாக்காதீர்கள். சர்வரிலேயே லாகின் செய்து, அங்கிருந்து கர்ல் (பிரவுசர் இல்லாமல் ஒரு தளத்தை எடுத்துவரும் நிரல்) கட்டளையால் அந்தத் தளத்தை அழைத்துப் பாருங்கள்.

அங்கும் தொங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது ஐபிவி6, அதாவது பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த ஐபி முகவரி முறை. சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருக்கும், வெளியே போக வழி இருக்காது. ஐபிவி6 முகவரி உள்ள தளங்களுக்கு மட்டும் அது முட்டிக்கொண்டு நிற்கும். சில தளங்கள் மட்டும் படுத்துவதற்கு இது பொருத்தமான காரணம். கர்லில் -4 (ஐபிவி4 மட்டும்) சேர்த்து ஒரு முறை, -6 (ஐபிவி6 மட்டும்) சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். முன்னது உடனே வந்து பின்னது தொங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பழைய ஸ்க்விட்டில் ஐபிவி4-ஐ முதலில் முயலச் சொல்லும் அமைப்பு உண்டு. 5-ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். சர்வரின் ஐபிவி6 வழியைச் சரிசெய்வதுதான் நிலையான தீர்வு.

-4, -6 இரண்டுமே இணைப்பு கிடைத்தபின் டிஎல்எஸ் கைகுலுக்கலில் (மறையாக்கத்தை இரு பக்கமும் பேசி முடிவுசெய்யும் கட்டத்தில்) நிற்கின்றனவா? எம்டியூவைப் பாருங்கள்; ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு அது. ஈதர்நெட்டில் 1500 பைட் போகும், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 1492தான். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று திரும்பிவரும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் நெறிமுறை) செய்தியை ஃபயர்வால் தடுத்தால், அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது. பாதுகாப்புக்கென்று ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

சர்வரில் கர்ல் ஒழுங்காக வந்து, பிரவுசரில் மட்டும் தொங்கினால் ஸ்க்விட் ஒவ்வொரு வேண்டுகோளையும் பதிந்துவைக்கும் ஆக்சஸ் லாகைத் திறக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: எச்டிடிபிஎஸ் தளங்களுக்கான கனெக்ட் (தளத்துக்கு நேர்வழி திறந்துவிடச் சொல்லி பிரவுசர் ப்ராக்ஸியிடம் கேட்பது) வரி, இணைப்பு முடிந்த பிறகுதான் லாகில் எழுதப்படும். பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தேடினால் ஒன்றும் தெரியாது. வரியின் இரண்டாவது எண் மில்லிசெகண்டில் எடுத்த நேரம். அது 60000-ஐ ஒட்டி இருந்தால், ஸ்க்விட் தன் இயல்பான ஒரு நிமிடக் காத்திருப்பு முடிந்து கைவிட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

லாகில் 403 (அனுமதி இல்லை) என்ற எண்ணுடன் மறுப்பு வரி தெரிந்தால் போர்ட் எண்ணை, அதாவது தளத்தின் சர்வரில் எந்த வாசலுக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். ஸ்க்விட்டின் இயல்பான அமைப்பு கனெக்ட்டை 443-க்கு மட்டுமே அனுமதிக்கும். பக்கம் 443-இல் வந்தாலும், உள்ளே தரவை 8443-இலிருந்து எடுக்கும் தளம் பாதியில் சுற்றும். அந்த ஒரு போர்ட்டை மட்டும் அனுமதியுங்கள்; எல்லாவற்றையும் திறந்துவிட்டால் உங்கள் ப்ராக்ஸி யாருக்கும் எங்கும் சுரங்கப்பாதை ஆகிவிடும்.