ஓட்டப்பந்தயத்துல பாதியில விலகுனா அவமானமா?

பேர் குடுத்து காசு கட்டி ஊரெல்லாம் சொல்லிட்டு பாதியில நின்னுட்டேன், வெளிய தலைகாட்ட முடியலன்னு கேட்டிருக்கீங்க. வாட்ஸப்புல முன்கூட்டியே போட்டோவும் போட்டிருப்பீங்க, அதான் இம்புட்டு வலி. நானும் போட்டேன்.

போன தை மாசம், பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம் 10 கிலோமீட்டர் ஓட்டம். கடக்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். வயசு 43. ரெண்டு மாசம் காலையில ஓடித்தான் பழகுனேன், அதனால "வாம் அப் பண்ணிருக்கணும், தண்ணி குடிச்சிருக்கணும்"னு பாடம் எடுக்க யாரும் கீழ வந்துடாதீங்க, எல்லாம் பண்ணேன். தப்பு வேற. தை மாசம் எங்க பக்கம் வாடைக்காத்து, வடக்க இருந்து அடிக்கும். தெக்க கடலைப் பாத்து ஓடுறப்ப காத்து முதுகுல நின்னு தள்ளுது, நான் என்னமோ நம்ம காலுதான் இப்புடிப் பறக்குதுன்னு நெனச்சுக்கிட்டு சின்னப் பயலுகளையெல்லாம் தாண்டிப் போறேன். திரும்புனதும் மூஞ்சில அறைஞ்சுச்சு பாருங்க, மண்ணும் காத்தும். 200 மீட்டர் கூட வந்திருக்க மாட்டேன், கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகிப்போச்சு. ரோட்டோரம் சீமைக்கருவேல நிழல்ல உக்காந்துட்டேன். நான் தாண்டிப்போன பயலுக ஒவ்வொருத்தனா "என்னண்ணே ஆச்சு"ன்னு கேட்டுட்டுப் போனானுக. அதுதான் காலை விட வலிச்சுச்சு.

வண்டி வரும் ஏத்திக்குவாங்கன்னு சொன்னாங்க, வரல. நொண்டிக்கிட்டே கடக்கரைக்கு இறங்குனேன். எங்களுக்கு ரெண்டு பக்கமும் கடல். வாடை நேரம் வடக்க கடல் கொந்தளிக்கும், தெக்க கடல் குளம் மாதிரி கெடக்கும், அதனால கரைவலை, அதான் கடல்ல விரிச்ச வலையைக் கரையில நின்னு கயித்தால இழுக்குறது, இழுத்துக்கிட்டு இருந்தாங்க. பெரியவர் ஒருத்தர் என் நெஞ்சுல ஊக்கு குத்தியிருந்த நம்பர் சீட்டைப் பாத்துட்டு "என்ன தம்பி, ரேசன் கடையில டோக்கனா"ன்னாரு. விசயத்தைச் சொன்னேன். "சரி, சும்மாதான நிக்கிறீக, கயித்தப் புடிங்க."

இடுப்புல ஒரு துண்டுக்கயித்தைக் கட்டி, அதைக் கம்பாக் கயித்துல, அதான் வலையை இழுக்குற பெரிய கயித்துல, ஒரு சுத்து சுத்திட்டு பின்னாடி பின்னாடியா நடக்கணும். மேட்டுக்குப் போனதும் அவுத்துட்டு மறுபடி தண்ணியோரம் வந்து மாட்டணும். முன்னாடி ஓட 300 ரூபா கட்டுன ஆளு, காசில்லாம பின்னாடி நடந்துக்கிட்டிருக்கேன்! மெதுவாதான் நடக்கணும், பிடிச்சிருந்த காலு அதுலயே இளகிருச்சு (நான் டாக்டர் இல்ல, எனக்கு நடந்ததைச் சொல்றேன்). ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மடி, அதான் வலையோட கடைசிப் பை, கரையேறுறப்ப வெள்ளி மாதிரி துடிக்கிது, சூடை மீனு, காரல் மீனு, நடுவுல கொழகொழன்னு சொறி, தொட்டா அரிக்கிற ஜெல்லி மீனு. அதைத் தொடாம ஒதுக்குறதுக்கே ஒரு கை வேணும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ரெண்டு கை சூடையும் ஒரு கணவாயும் அள்ளிப் போட்டாரு, வாங்க பை இல்ல, பந்தயத்துல குடுத்த டீசர்ட்டைக் கழட்டி முடிஞ்சுக்கிட்டேன்.

இதைச் சொல்லியே ஆகணும், ராமநாதபுரத்துக்குள்ள குடியிருக்கோம், அங்கிட்டும் கடல் இங்கிட்டும் கடல், ஆனா மார்க்கெட்டுல கெடைக்கிறது செவுளு வெளுத்த ஐஸ் மீனு. நல்ல மீனெல்லாம் பெட்டியில ஏறி வெளியூர் போயிருது, நமக்கு மிச்சம். கேட்டா "இப்பத்தான் வந்துச்சு சார்"ங்கிறாங்க. எப்ப வந்துச்சுன்னு மூக்குக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தா மச்சான் உக்காந்திருக்காரு, பைக்குல உக்காந்து வேடிக்கை பாத்த மனுசன், "மாப்ள, பாதியிலயே படுத்துட்டீங்களாமே"ன்னாரு. எங்க வீட்டுக்காரி டீசர்ட்டைப் பிரிச்சு செவுளைத் தூக்கிப் பாத்துட்டு "இதை எங்க வாங்குனீக, இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்ல"ன்னா. மெடலைப் பத்தி அவ கேக்கவே இல்ல. அந்தச் சூடைக் குழம்பை மச்சான்தான் மூணு தடவை ஊத்திக்கிட்டாரு.

தோத்தவன் சொல்ற சமாதானம்னு சொல்றவங்க சொல்லிக்கங்க. தோத்தது உண்மைதான், முடிச்சிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன், இல்லைங்கல. வர்ற தைக்கும் பேர் குடுக்கப்போறேன். ரூட்டு அதே ரூட்டுதானான்னு மட்டும் கேட்டு வச்சிருக்கேன், இந்தத் தடவ இடுப்புல ஒரு பையைச் சொருகிட்டுப் போகணும்.