கைநீட்டி வாங்காத சம்பளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைவீரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தெற்கு மாநிலங்களின் வாக்னர் கோட்டை மீது அவர்கள் நடத்திய தாக்குதல் சிலிர்க்க வைத்தது. ஆனால் அதே ஆட்கள் சம்பளக் குறைவுக்காக மாதக்கணக்கில் முரண்டு பிடித்தார்கள் என்பது உறுத்துகிறது. உயிரையே கொடுக்கத் துணிந்தவர்கள் சில டாலருக்கா மல்லுக்கு நிற்பது? மீதியைத் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநில அரசே முன்வந்தும் ஏன் மறுத்தார்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பணம்தான் குறி என்றால் மாநில அரசு நீட்டியதை வாங்கிப் பையில் போட்டிருப்பார்களே!

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புக்குத் தனிப்படி. கறுப்பருக்கு 10; அதிலும் உடுப்புக்கென்று 3 பிடித்தம். கறுப்பின சார்ஜெண்டுக்கும் கையில் 7 டாலர்தான். மண்வெட்டவும் மூட்டை தூக்கவும் ஆள் எடுப்பதாக நினைத்து 1862இல் போட்ட சட்டத்தின் கூலி அது. வடக்கு மாநிலமான மாசசூசெட்ஸ் திரட்டிய கறுப்பினப் படைப்பிரிவு 54ஆம் மாசசூசெட்ஸ். சேரும்போது அதற்குச் சொல்லப்பட்டதோ சமச் சம்பளம்.

1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டை மீது பாய்ந்த ஏறத்தாழ 600 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மாண்டார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். உடம்பில் குண்டுகளோடு கொடியை மீட்டு வந்த வில்லியம் கார்னிக்கு 1900இல்தான் பதக்கம் கிடைத்தது. அந்தப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹென்றி கூடிங், அதே வருடம் செப்டம்பரில் லிங்கனுக்கே எழுதிக் கேட்டார்: ‘நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா?’ மாநில அரசின் பணம் இதற்குப் பதிலாகாது. ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஒரு காசு தொடவில்லை. ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. பீரங்கிக்கு எதிரே ஓடுவதைவிட இது கடினம் என்பேன்.

முன்னாள் அடிமைகளைக் கொண்டு வடக்குத் தரப்பு அமைத்த மூன்றாம் தென் கரோலைனா படையின் சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். சமச் சம்பளம் இல்லையேல் பணியும் இல்லை என்று, தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் தன் ஆட்களைத் துப்பாக்கிகளை அடுக்கி வைக்கச் சொன்னார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜூன் மாதம் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஓர் ஓட்டை. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கு மட்டுமே சேர்ந்த நாளிலிருந்து முழுப் பாக்கி; அடிமையாக இருந்தவருக்கு 1864 ஜனவரியிலிருந்துதான். 54ஆம் படையின் கர்னல் ஹாலோவெல் ஒரு சத்தியப் பிரமாணம் தயாரித்தார்: ‘அந்தத் தேதியில் கூலியில்லா உழைப்பு எவருக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை.’ எந்த அடிமைதான் கடன்பட்டிருந்தான்? தப்பி வந்தவர்களும் கூசாமல் கையை உயர்த்தினார்கள். படித்த போது வாய்விட்டுச் சிரித்தேன்.

ஊரறிந்த முன்னாள் அடிமைகளால் ஆன வாக்கரின் படைக்கு அந்த வழியும் இல்லை. 1865 மார்ச்சில் இன்னொரு சட்டம் வரும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் வாக்கர் இறந்து ஒரு வருடம் கடந்திருந்தது.